மடிக்கணினியும் மேற்காவுகையும்

கோட்டைக்குப் புறத்தே அமைந்தமையால் புறக்கோட்டை எனப் பெயர் பெற்ற வட்டாரத்தில் கிடைக்காத பொருள் இல்லை என்பது கொழும்பு மக்களின் நெடுநாள் நம்பிக்கை. அங்கே முதலாம் குறுக்குத் தெருவில் மின்னணுப் பொருள் விற்போரும் பழுது பார்ப்போரும் நெருங்கியிருக்கின்றனர். வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ மாணவன் ஒருவன் மடிக்கணினியைத் தோளிற் சுமந்துகொண்டு அங்கு வருகிறான். விளையாடும்போது படம் தடுக்கித் தடுக்கி நகர்கிறது என்பது அவன் முறைப்பாடு. "தம்பி, இது பழைய மொடல். ரேம் கூட்டிப் பாருங்க, இல்லாட்டிப் புதுசு எடுங்க" என்று, மூடியைத் திறந்தும் பாராமல் விடை வந்துவிடுகிறது. எல்லாக் கடைகளும் இப்படியல்ல; பொறுமையோடு ஆராய்ந்து சொல்லும் கைதேர்ந்தவர்களும் அத்தெருவில் உண்டு. ஆயினும், நோயைக் காணுமுன் மருந்தை விற்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

விளையாட்டுத்தானே, அதற்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். 2023ஆம் ஆண்டு சீனத்தின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே கணினி விளையாட்டுகளுக்கும் பதக்கம் வழங்கப்பட்டது என்று அவர்களுக்கு விடையிறுக்கலாம். அஃது எமது வாதமன்று. பாடக் குறிப்பைத் தட்டச்சுச் செய்யும் கணினி தன் ஆற்றலிற் சிறுபகுதியையே செலவிடுகிறது. விளையாட்டோ செயலியையும் வரைகலைச் சில்லையும் நினைவகத்தையும் ஒரே வேளையில் முழு மூச்சாய் உழைக்கச் செய்கிறது. பொறியின் குறை முதலில் விளையாட்டில் வெளிப்படுவது அதனாலேதான். மேலும், 2022ஆம் ஆண்டு சில மாதங்களுக்குள் ஒரு டொலரின் விலை 200 ரூபாவின் அண்மையிலிருந்து 360 ரூபா வரை ஏறிய நாட்டில், தேவையற்ற ஒரு புதிய கணினி என்பது நடுத்தரக் குடும்பத்திற்குச் சிறிய தண்டமன்று.

இனி நோயின் குணங்களைக் காண்போம். விளையாட்டு முதற் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பின்னர் தளர்கின்றதா? அப்படியாயின் பெரும்பாலும் வெப்பமே காரணம். மடிக்கணினிச் செயலிகள் பலவற்றிற்கு ஏறக்குறைய 100 பாகை செல்சியசு எல்லையாக வகுக்கப்பட்டிருக்கிறது. அதனை அணுகியதும் செயலி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இது பழுதன்று, தற்காப்பு. 20 பாகை குளிர்ந்த அறையில் இந்த எல்லைக்கும் காற்றுக்கும் இடையே 80 பாகை இடைவெளி உண்டு. கொழும்பின் நண்பகற் காற்றோ 30 பாகை. இடைவெளி 70 ஆகிவிடுகிறது. வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றலில் எட்டில் ஒரு பங்கு, பொத்தானை அழுத்துமுன்னரே போய்விட்டது என்க. குளிர்நாட்டார் எழுதிய மதிப்புரையை நம்பி வாங்கியவன் இங்கு ஏமாறுவதில் வியப்பென்ன?

போதாக்குறைக்கு வெள்ளவத்தைக் கடற்காற்று உப்பையும் ஈரத்தையும் கொண்டுவந்து தூசியோடு பிசைந்து, விசிறிக்கு முன்னுள்ள செப்புத் தகடுகளிடையே கம்பளிபோல் அடைத்துவிடுகிறது. சில்லுக்கும் செப்புக் குழாய்க்கும் நடுவிலுள்ள வெப்பப் பசை சில ஆண்டுகளில் உலர்ந்துபோகிறது. தூசி துடைத்துப் பசை மாற்றும் கூலி, புதிய கணினியின் விலையில் மிகச் சிறு பின்னமே.

தொடக்கத்திலிருந்தே தளர்ச்சியானால் வேறிடத்திற் தேடவேண்டும். இவ்வகைக் கணினிகள் பலவற்றில் வரைகலைச் சில்லுகள் இரண்டு: செயலியோடு இணைந்த சிக்கனமானது ஒன்று, தனித்து நிற்கும் வலியது மற்றொன்று. வலியது உறங்க எளியது உழைப்பதும் உண்டு. விண்டோசின் அமைப்புகளில் அந்த விளையாட்டிற்கு உயர் செயற்றிறனைத் தேர்ந்தால் தீர்ந்தது. ரேம் கூட்டச் சொல்பவர்களிடமும் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: இப்போது எத்தனை துண்டுகள் இருக்கின்றன? 16 ஜிபி ஒரே துண்டாய் இருப்பதிலும் எட்டெட்டாய் இரண்டிருப்பது தரவு செல்லும் பாதையை இரட்டிப்பாக்கும். இணையவழி ஆட்டத்தில் மட்டும் தடங்கல் என்றால் கணினியைக் குறைகூறுவது அநியாயம், வலையமைப்பைப் பார்க்கவேண்டும்.

மின்னேற்றியின் கதை தனி. மூலப்பொருள் கெட்டுவிட்டால் மலிவு கருதி நடைபாதையில் ஒன்றை வாங்குகிறோம். துளை பொருந்துகிறது, விளக்கும் எரிகிறது. ஆனால் 180 வாட்டு வேண்டிய பொறிக்கு 65 வாட்டே கிடைக்கிறது. பொறி தன் பசிக்கேற்ப உழைப்பைச் சுருக்கிக்கொள்கிறது. பற்றரியில் விளையாடுவோர்க்கும் இதே கதி. விமானப் பயண விதியை ஒட்டிப் பற்றரிகள் 100 வாட்டு மணிக்கு மேற்படாமலே செய்யப்படுகின்றன. 150 வாட்டு இழுத்தால் 40 நிமிடத்தில் அது வறண்டுவிடும் அல்லவா?

இவற்றுள் எதனை அறிவதற்கும் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. திரையின் நுணுக்கத்தைக் குறைத்துப் பார். வேகம் கூடினால் தடை வரைகலைச் சில்லில், கூடாவிடின் பெரும்பாலும் செயலியில். ஒருவேளையில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றுமுன்னும் பின்னும் அளந்து குறித்துக்கொள். ஆய்வுகூடத்தில் நாம் போதிக்கும் முறை இதுவேயன்றோ?

எமது மனக்குறை ஆசிரியர்களிடந்தான். கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்று மூன்றையும் தமிழிலேயே கற்று, சாதாரண தரப் பரீட்சையில் பிழையற எழுதிய மாணவன், வீடு சென்று மடிக்கணினியை மெத்தைமேல் வைத்து அடிப்புறத் துளைகளை அடைத்துவிட்டு, சூடாகிறதே என்று வருந்துகிறான். சொல் அவன் நாவில் இருக்கிறது. பொருள் மெத்தைக்குள் புதைந்து கிடக்கிறது. கலைச்சொல்லாக்கத்திற்கு முன்னோர் பட்ட பாடு விடைத்தாளோடு முடிந்துபோக வேண்டியதா?

ஒரு பாடவேளை போதும். வகுப்புக்கு ஒரு மடிக்கணினி. முதலில் துணிமேல் வைத்துக் கால்மணி நேரம்; ஆறியபின் வெறும் மேசைமேல், பின்புறத்தை இரண்டு அங்குலம் உயர்த்திக் கால்மணி நேரம். நிமிடத்திற்கொருமுறை செயலியின் வெப்பநிலையையும் வேகத்தையும் மாணவர்களே குறிக்கட்டும். இரண்டு கோடுகளையும் ஒரே வரைபுத் தாளில் வரையட்டும்.