செடி இருக்கிறது, தேனீ இருக்கிறதா?

ஐரோப்பாவின் ஆற்றோரங்களிலும் நாணல் புதர்களிலும் ஜூலை, ஆகஸ்டில் இடுப்புயரம் வளர்ந்து பூக்கிறது மஞ்சள் லூஸ்ஸ்ட்ரைஃப், அதாவது லைசிமாக்கியா வல்காரிஸ். கொத்துக் கொத்தாகப் பூத்தாலும் அதில் ஒரு சொட்டுத் தேன் கிடையாது. இதழ்களின் அடியிலும் மகரந்தத் தாள்களிலும் பொடிப்பொடியாக இருக்கும் சுரப்பி மயிர்களில் ஊறுவது எண்ணெய்.

தேனுக்குப் பதிலாக எண்ணெய் தரும் பூக்களும் உண்டு என்று தாவரவியலாளர் ஸ்டெஃபான் ஃபோகல் 1969இல்தான் உலகுக்கு அறிவித்தார். 1976இல் லைசிமாக்கியாவையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார். ஆனால் எண்ணெய்ப் பூவுக்கும் அதைத் தேடும் தேனீக்கும் உள்ள உறவு மிகப் பழையது. பிரான்சின் ஓய்ஸ் பகுதியில், சுமார் 5.3 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அம்பருக்குள் கிடைத்த தேனீயின் கால்களிலேயே எண்ணெய் சேகரிக்கும் மயிர்கள் இருக்கின்றன.

இந்த எண்ணெய்க்காக வரும் மேக்ரோபிஸ் யூரோப்பியா ஒரு தனித்தேனீ. பெண் தேனீயின் முன்னங்கால், நடுக்கால் நுனிகளில் வெல்வெட் போல அடர்ந்த குறுமயிர்கள் உண்டு. அவற்றால் எண்ணெயை ஒற்றியெடுத்துப் பின்னங்கால்களுக்கு மாற்றி, மகரந்தத்தோடு பிசைந்துகொள்கிறது. பூவில் வேலை செய்யும்போது பின்னங்கால்களை மேலே தூக்கிக்கொள்வது இதன் தனி அடையாளம். பழகிய கண்ணுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். அந்த மகரந்த உருண்டைதான் புழுவின் உணவு. எண்ணெயை மண்ணுக்குள் இருக்கும் கூட்டறையின் சுவரிலும் பூசுகிறது. ஈரம் ஊறும் நிலத்தில் உணவு நனைந்து பூஞ்சை பிடிக்காமல் காப்பது இந்தப் பூச்சுதான்.

சதுப்பு நில மீட்டெடுப்புப் பணியில் இருப்போர் கவனிக்க வேண்டிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. செடிக்குத் தேனீ வராவிட்டாலும் வழி உண்டு. மண்ணுக்கடியில் தண்டை ஓட்டிப் பரவும், ஓரளவு தன் மகரந்தத்தாலேயே விதையும் கட்டும். தேனீக்கு வேறு வழியே இல்லை. ஆகவே ஒரு சதுப்பில் மஞ்சள் பூ ஆண்டுதோறும் செழித்திருக்க, தேனீ எப்போதோ போய்விட்டிருக்கலாம். நட்ட செடி பிழைத்ததா என்று மட்டும் கேட்டு வெற்றி எழுதும் திட்ட அறிக்கை இந்த இழப்பைக் காணவே காணாது.

நிறையச் செடி நட்டுவிட்டால் தேனீ வந்துவிடும் என்று நம்புவதும் போதாது. பறப்பதற்கான தேனை அது நீர்ப்புதினா, ஊதா லித்ரம், திஸ்ஸில் போன்ற வேறு பூக்களில்தான் குடித்தாக வேண்டும். கூடு தோண்ட அருகிலேயே மண் வேண்டும். கரையைக் கான்கிரீட்டால் மூடினாலும், களை என்று திஸ்ஸிலை ஒழித்தாலும் இந்தச் சங்கிலி அறுந்துபோகும்.

சங்கிலியின் கடைசிக் கண்ணி இன்னும் மெல்லியது. மேக்ரோபிஸ் பேரினத் தேனீக்களின் கூட்டில் முட்டையிட்டு வாழும் குயில்தேனீ எபியோலாய்டிஸ். வட அமெரிக்காவில் இதன் இனமொன்று அற்றுப்போயிருக்கலாம் என்று அஞ்சப்பட்ட வேளையில், 2002இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் 2006இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டிலும் மீண்டும் அகப்பட்டது. கனெக்டிகட்டில் அது கிடைத்த இடம், உயர் மின்னழுத்தக் கம்பிகள் செல்லும் தடம். மரம் வளரவிடாமல் பராமரிக்கப்படுவதால் வெயிலும் பூக்களும் தங்கிய நிலம் அது. குயில்தேனீ ஓரிடத்தில் நிலைத்திருந்தால், மேக்ரோபிஸ் அங்கே போதிய எண்ணிக்கையில் இருக்கிறது என்று பொருள். எந்தத் தாவரப் பட்டியலும் இவ்வளவு உறுதியாக இதைச் சொல்லாது.

நாணலையும் கரைப் புல்லையும் ஜூலை, ஆகஸ்டில் ஒரே மூச்சில் வெட்டிச் சாய்ப்பதை முதலில் நிறுத்த வேண்டும். ஆண்டுக்கு ஒரே தலைமுறை காணும் தேனீக்கு அந்தச் சில வாரங்கள்தான் வாழ்வு. வெட்டியே ஆகவேண்டும் என்றால், பூ முடிந்த பிறகு, பகுதி பகுதியாக வெட்டலாம். கணக்கெடுப்புப் படிவத்தில் செடிக்கு எதிரே தேனீக்கும் ஒரு கட்டம் வேண்டும். அதை நிரப்பப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. வெயில் ஏறிய நேரத்தில் பூக்கொத்துகளின் அருகே நின்றால், பெண் தேனீயைத் தேடி ஆண் தேனீக்கள் சுற்றிச்சுற்றி வருவது வெறும் கண்ணுக்கே தெரியும்.