கேட்டல் தாளுக்கு ஆயத்தமாக வேண்டியது காதல்லவா?



எஸ்.பி.எம். தேர்வெழுதும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைக் கேட்டு வருகின்றனர். "ஐயா, ஆங்கிலக் கேட்டல் தாளுக்கு எந்தப் பயிற்சி நூலை வாங்கலாம்?" பிள்ளைகள் நம் பள்ளியில் படித்துச் சென்றவர்கள் என்பதால் உரிமையோடு கேட்கிறார்கள். அந்த உரிமை மகிழ்ச்சியளிக்கிறது. ஆனால் கேட்டலுக்கு நூல் வாங்குவது, நீச்சல் கற்க நாற்காலி வாங்குவதைப் போன்றது என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

முதலில் நிலவரத்தைப் பார்த்துவிடுவோம். 2021ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். தேர்விலிருந்து 1119 எனும் குறியீடு கொண்ட ஆங்கிலப் பாடம் நான்கு தாள்களாகிவிட்டது: வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல். நான்குக்கும் சம மதிப்பு. ஒவ்வொன்றுக்கும் 25 விழுக்காடு. கேட்டல் தாளில் 40 நிமிடங்களில் 30 வினாக்கள். பல்கலைக்கழகம் செல்வோர் எழுதும் மூவெட் தேர்வு 1999இல் தொடங்கப்பட்டபோது கேட்டலுக்கு 15 விழுக்காடுதான் ஒதுக்கப்பட்டிருந்தது. 2021இல் அங்கும் அது 25 ஆக உயர்ந்தது. வெளிநாடு செல்ல எண்ணுவோரின் ஐஇஎல்டிஎஸ் தேர்விலோ 40 வினாக்கள். ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான் ஒலிக்கும். ஆக, ஓரமாய் இருந்த கேட்டல் இன்று கால் பங்கு. அதை ஓரமாய் வைத்தே பழகிய நம் ஆயத்த முறைகள் மட்டும் மாறவில்லை.

தனியார் வகுப்புகளில் நடப்பதென்ன? ஒலிப்பதிவை ஓடவிடுவார்கள். பிள்ளைகள் விடை வட்டமிடுவார்கள். ஆசிரியர் விடைகளை வாசிப்பார். "பதினெட்டு சரி, பன்னிரண்டு தவறு." அடுத்த தாள்! வாரம் இரண்டு தாள்கள் என்று ஐந்து மாதம் ஓடினாலும் அந்தப் பதினெட்டு இருபதைத் தாண்டாமல் நிற்பதைக் கண்டு பெற்றோர் கவலையுறுகின்றனர். உடல் எடையைக் குறைக்க நாள்தோறும் தராசில் மட்டும் ஏறி நின்றால் எடை குறையுமா? மாதிரித் தாள் என்பது தராசு.

தவறிய பன்னிரண்டும் ஒரே வகைத் தவறல்ல. சில வினாக்களில் பிள்ளைக்கு அந்தச் சொல்லே தெரிந்திருக்காது. சிலவற்றில் சொல் தெரியும், எழுதிக் காட்டினால் பொருள் சொல்லும், ஆனால் காதில் விழுந்தபோது அடையாளம் தெரியவில்லை. இன்னும் சிலவற்றில் எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது, ஆனால் வினா அமைத்தவர் வைத்த பொறியில் கால் பட்டுவிட்டது. மூன்றும் மூன்று நோய்கள். மூன்றுக்கும் ஒரே மருந்தாக இன்னொரு மாதிரித் தாளைக் கொடுப்பதைத்தான் நாம் ஆயத்தம் என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

என் பட்டறிவில் இரண்டாவது நோய்தான் மிகுதி. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றவர்கள். போதாக்குறைக்கு, எழுதியபடியே ஒலிக்கும் தமிழையும் மலாயையும் முதலில் படித்தவர்கள். எழுத்து இருந்தால் ஒலியும் இருக்கும் என்று அவர்கள் நம்புவதில் வியப்பில்லை. ஆங்கிலமோ எழுத்தை விழுங்கும் மொழி. ஏட்டில் நான்கசையாகத் தெரியும் 'வெஜிடபிள்' ஒலிப்பதிவில் 'வெஜ்டபல்' என மூன்றசையாகக் குறுகி ஓடிவிடுகிறது. 'எ கப் ஒஃப் டீ' என்று எதிர்பார்க்கும் செவிக்கு 'எகப்பட்டீ' என்று ஏதோ ஒன்று வந்து சேர்கிறது.

இங்கேதான் தமிழாசிரியனுக்கு ஒரு வேலை இருக்கிறது என்கிறேன். ஆங்கிலப் பாடத்தில் மூக்கை நுழைப்பதாக என் ஆங்கில ஆசிரிய நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டா. பால் என்ற சொல்லோடு ஆறு சேர்ந்தால் பாலாறு. கண்ணோடு இமை சேர்ந்தால் கண்ணிமை. மெய்யில் முடியும் சொல்லின்மேல் உயிரில் தொடங்கும் சொல் ஏறிக்கொள்ளும் என்பது நம் பிள்ளைகள் அறிந்த புணர்ச்சி. ஆங்கிலேயர் பேச்சில் நிகழ்வதும் இதுவே. 'டர்ன் ஆஃப்' என்பது 'டர்னாஃப்'. 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிட்டப்'. 'நாட் அட் ஆல்' என்பது 'நாட்டட்டால்'. அவர்கள் அதற்கு நன்னூல்போல் நூற்பா எழுதிப் பள்ளியில் மனனம் செய்யவில்லை, அவ்வளவே. புணர்ச்சி தெரிந்த பிள்ளையிடம், "இதைப் பிரித்துச் சொல்" என்று கேட்டுப் பாருங்கள். விளையாட்டுபோல் பிரித்துவிடும். 'கெட்டவுட்' என்று யாராவது கத்தினால் நம்மில் பொருள் புரியாதவர் உண்டோ?

அதேபோல் குற்றியலுகரம். 'பாக்கு', 'காசு' என்னும் சொற்களின் இறுதி உகரம் தன் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாய்க் குறைவதைப் படித்தவர்களுக்கு, ஆங்கிலத்தில் அழுத்தம் பெறாத உயிர்கள் குறுகித் தேய்வதை விளக்குவது கடினமன்று. மலேசியர் 'கேன்' என்று முழுமையாகச் சொல்லும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் ஒலிப்பதிவில் 'ஐ கன் கம்' என்று அது கரைந்துபோகும். 'முடியாது' என்னும் மறுப்போ 'ஐ கான்ட் கம்' என்று நீண்டு ஒலிக்கும். 'கேன்' வருமெனக் காத்திருந்த பிள்ளை முதலாவதைத் தவறவிடும். இரண்டாவதில் தெளிவாய் ஒலிக்கும் அந்தச் சொல்லையே 'முடியும்' என்று எண்ணி நேர்மாறான விடையை வட்டமிடும். ஒரு மாத்திரை வேறுபாட்டில் ஒரு மதிப்பெண் போகிறது.

குறில், நெடில் வேறுபாடு நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் சொத்து. மலாய் மொழியில் அந்த வேறுபாடு இல்லை. கப்பலைக் குறிக்கும் 'ஷிப்' என்பதையும் ஆட்டைக் குறிக்கும் 'ஷீப்' என்பதையும் பிரித்தறிய, 'பல்', 'பால்' என்று சொல்லி வளர்ந்த செவிக்குத் தனிப்பயிற்சி அதிகம் வேண்டியதில்லை. விலை, வயது, நேரம் ஆகியவற்றில் அடிக்கடி வரும் 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' குழப்பத்துக்கும் ஈற்றசையின் நீளத்தைக் கவனி என்பதே பாதித் தீர்வு. மறுபுறம், ஓரெழுத்தே வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் நிற்கும் நம் வரிவடிவம் ஒரு சிக்கலையும் தருகிறது. முதுகும் பையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பேக்'தான்! ஆங்கிலேயர் வாயில் பையைக் குறிக்கும் சொல்லின் உயிர் சற்று நீளும். ஈற்று மெய்யைத் தேடாமல் அதற்கு முன்னுள்ள உயிரைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தால், மீண்டும் நம் மாத்திரைக் கணக்கே கைகொடுக்கும்.

மூன்றாவது நோயான பொறிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேருந்து, மிதிவண்டி, மகிழுந்து என மூன்று படங்கள். ஒலிப்பதிவில் வரும் சிறுவன் பேருந்தில் போக எண்ணினான். மிதிவண்டியை அண்ணன் எடுத்துச் சென்றுவிட்டான். மழை பெய்ததால் கடைசியில் அப்பா மகிழுந்தில் கொண்டுபோய் விட்டார். மூன்று பெயர்களும் காதில் விழும். முதலில் விழுந்ததை வட்டமிடுபவர் தோற்பார். 'ஆனால்', 'உண்மையில்', 'கடைசியில்' என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்கள் வரும்போது விழித்துக்கொள்ளப் பழக்கினால் போதும். எஸ்.பி.எம். தாளில் ஒலிப்பதிவு இருமுறை ஒலிக்கும். முதல் முறையிலேயே வட்டமிட்டுவிட்டு இரண்டாம் முறையில் சன்னலைப் பார்ப்பது நம் பிள்ளைகளின் தீராத வழக்கம்.

"என் மகன் நாள் முழுவதும் ஆங்கிலப் படம்தானே பார்க்கிறான்" என்பார் சிலர். பார்க்கிறான், உண்மை. திரையின் அடியில் மலாய் வரிகள் ஓடுகின்றன. அவன் கண் மலாய் வாசிக்கிறது, காது ஓய்வெடுக்கிறது. அந்த வரிகளை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் பரிந்துரைக்கும் முறை பழைய முறைதான். ஓரிரண்டு நிமிட ஒலிப்பதிவு ஒன்று போதும். எழுத்து வடிவமும் உடன் இருக்க வேண்டும். பிபிசி லேர்னிங் இங்கிலிஷ், பிரிட்டிஷ் கவுன்சில் ஆகிய தளங்களில் இத்தகையவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. முதன்முறை கையில் தாளோ எழுதுகோலோ இல்லாமல் கேட்க வேண்டும். கேட்டது எதைப் பற்றி என்று தமிழிலேயே சொன்னாலும் தாழ்வில்லை. மறுமுறை, கேட்ட சொற்களை எழுத வேண்டும். அதன்பிறகே எழுத்து வடிவத்தைத் திறந்து, காது தவறவிட்ட இடங்களில் கோடிட வேண்டும். பிறகு தாளை மூடிவிட்டு, கோடிட்ட இடங்கள் இப்போது கேட்கின்றனவா என்று இன்னொரு முறை. இந்தக் கடைசிப் படியில்தான் செவி வளர்கிறது. தனியார் வகுப்புகள் தாண்டிச் செல்வதும் இந்தப் படியைத்தான், ஏனெனில் இதற்கு நேரம் பிடிக்கும், பக்கங்கள் நகரா. நாளொன்றுக்குக் கால் மணி நேரம் போதுமானது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் என்பது இதற்கு ஈடாகாது.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். நம் தமிழ்ப் பாடத்திட்டத்திலும் கேட்டலும் பேச்சும் முன்வரிசையில்தான் நிற்கின்றன. நாள் பாடத்திட்டத்தில் 'கேட்டல்' என்று எழுதிவிட்டு ஐந்தாம் நிமிடத்தில் "பயிற்சி நூலை எடுங்கள்" என்று சொல்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஒரு கட்டளையை நாம் மூன்று முறை சொல்கிறோம். மூன்றாம் முறை வரும் என்று அறிந்த மாணவன் முதல் முறை ஏன் கேட்கப் போகிறான்? சொல்வதெழுதுதலை எழுத்துப் பிழை பிடிக்கும் வேலையாகவே சுருக்கிவிட்டோம். திருக்குறளில் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்து 42ஆம் அதிகாரமாகக் கேள்வியை வைத்திருக்கிறார் வள்ளுவர் என்று மேடையில் முழங்கும் நாம், வகுப்பறையில் அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கத் தயங்குகிறோம்.

என்னை உண்மையில் கவலையுறச் செய்வது வேறொன்று. கேட்டல் தாள் வந்தபிறகு, வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிட்டதாகப் பெருமையோடு சொல்லும் பெற்றோரைச் சந்திக்கிறேன். அவர்களின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. சரளமாக ஆங்கிலம் பேசும் குடும்பமென்றால் பேசட்டும். ஆனால் பல வீடுகளில் நிகழ்வது வேறு. தந்தைக்குத் தமிழில் ஆயிரம் கதை தெரியும். ஆங்கிலத்தில் 'வா, சாப்பிடு, குளி, படி' என்னும் நான்கு ஏவல்தான் தெரியும். வீட்டுமொழி மாறியதும் பிள்ளையின் காதில் விழும் பேச்சு நான்கு சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு நீண்ட பேச்சின் இழையைப் பிடித்துக்கொண்டே செல்வதும், அடுத்து என்ன வரும் என ஊகிப்பதும், சொன்னவரின் மனநிலையைக் குரலில் உணர்வதும் கேட்டல் தாள் சோதிக்கும் திறன்களே. அவற்றைப் பாட்டி சொல்லும் தோட்டத்துக் கதையிலும் பழகலாம். பழகிய செவி ஆங்கிலத்துக்கும் அவற்றை எடுத்துச் செல்லும். ஆங்கில ஒலிகளுக்கு மேலே சொன்ன கால் மணி நேரம். மீதி நேரம் வீட்டில் தமிழ் தாராளமாக ஒலிக்கட்டும்.

தேர்வுக்கு இரண்டே மாதங்கள் உள்ளன என்போர் மாதிரித் தாள்களை ஒதுக்க வேண்டியதில்லை. வாரம் ஒன்று செய்யட்டும். ஆனால் ஒரு தாளைச் செய்தபின், தவறிய வினாக்களை மேற்சொன்ன மூன்று நோய்களில் எது என்று பிரித்து எழுதி, அந்த இடங்களை மட்டும் மறுநாள் மீண்டும் கேட்கட்டும். வீட்டில் செவிப்பொறி மாட்டிக்கொண்டு பயில்வதைக் குறைத்துக்கொள்ளட்டும். தேர்வறையில் ஒலிபெருக்கியின் ஓசை மேலே சுழலும் மின்விசிறியையும் வெளியே பெய்யும் மழையையும் தாண்டித்தான் கடைசி வரிசை மேசைக்கு வந்து சேரும். வரவேற்பறையில் கைப்பேசியைச் சற்றுத் தொலைவில் வைத்து, விசிறியையும் சுழலவிட்டுக் கேட்டுப் பழகுவதற்குச் செலவு ஏதுமில்லை.