பெரிய டயர் மோகம்

ஜீப் வகை வண்டி வாங்கியவர்களில் சிலரை ஒரு புது வியாதி பிடித்திருக்கிறது. வண்டியின் உயரம் கம்பெனி கொடுத்தபடியே இருக்குமாம். டயர் மட்டும் பெரிதாக வேண்டுமாம்! இதை நான் கண்டிக்கிறேன்.

2023-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டயர் 195/80 ஆர் 15. குறுக்களவு சுமார் 693 மில்லிமீட்டர். அதைக் கழற்றிவிட்டு 235/75 ஆர் 15 பூட்டினால் சுமார் 733. 40 மில்லிமீட்டர் கூடிற்றே என்று பூரித்துவிடாதீர்கள். வண்டி உயர்வது அதில் பாதிதான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருந்த இடமோ 20 மில்லிமீட்டர் குறைந்து போகிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாலும், பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கினாலும் ரப்பர் உரசக்கூடும்.

வேகமானி பழைய எண்ணையே காட்டும். வண்டியோ முன்னைவிடச் சுமார் 6 சதவிகிதம் வேகமாக ஓடும். கனத்த சக்கரத்தை நிறுத்த அதே பழைய பிரேக்! தெருவில் குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமா?

பாறையில் ஏறுகிறவருக்குப் பெரிய டயர் தேவைதான், மறுக்கவில்லை. அவர் ஸ்பிரிங்கை உயர்த்துவார், பிரேக்கையும் கவனிப்பார். காப்பி ஹோட்டல் வரை போய் வருகிறவருக்கு எதற்கு? செருப்பு பெரிதானால் கால் வளர்ந்துவிடாது, ஐயா!