45 வயசுல முதல் ஹாஃப் மாரத்தான்: இதயம் தாங்குமா? ஓடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் விடியற்காலையில் பூங்காவைச் சுற்றி நடப்பவர்களுக்கு நடுவே, தலை நரைத்த பிறகு ஓட ஆரம்பித்தவர்களையும் பார்க்கலாம். 2008 முதல் நடந்துவரும் டிசிஎஸ் வேர்ல்ட் 10கே, நகரத்தில் பலரை ஓட வைத்தது. 10 கிலோமீட்டர் பழகியவர்களின் அடுத்த ஆசை ஹாஃப் மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர்.

ஆனால், வீட்டில் கேட்கும் முதல் கேள்வி: "இந்த வயசுல இது தேவையா?"

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 2021 அக்டோபர் 29 அன்று, உடற்பயிற்சியில் ஆர்வம் கொண்டவராக அறியப்பட்ட கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்தார். அடுத்த நாட்களில் பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் குவிந்தது.

ஓடும்போது இதயம் நின்றுபோகும் வாய்ப்பு எவ்வளவு?

மிகக் குறைவு. அமெரிக்காவில் 2010 முதல் 2023 வரை மாரத்தான், ஹாஃப் மாரத்தான் ஓடி முடித்த சுமார் 2.9 கோடி பேரை ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்தனர். இதயத்துடிப்பு நின்றது 176 பேருக்கு. ஹாஃப் மாரத்தானில் மட்டும் பார்த்தால், தோராயமாக இரண்டு லட்சம் பேரில் ஒருவர்.

இதைவிட முக்கியமான தகவல் ஒன்று உண்டு. 2000 முதல் 2010 வரையிலான முந்தைய ஆய்வில், இப்படி விழுந்தவர்களில் 71 சதவீதம் பேர் இறந்தனர். புதிய ஆய்வில் அது 34 சதவீதம். இதயம் நிற்பது குறையவில்லை. இறப்பதுதான் பாதியாகக் குறைந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள் உடனே நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுத்ததும், மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி சீக்கிரம் கிடைத்ததும்தான் உயிர் பிழைக்க உதவுகின்றன.

இது நமக்கும் பொருந்துமா?

அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி. அமெரிக்காவின் புதிய ஆய்விலும், காரணம் தெரிந்த சம்பவங்களில் முதலிடம் இதய ரத்தக்குழாய் அடைப்புக்குத்தான். ஓட்டம் அடைப்பை உண்டாக்குவதில்லை. ஏற்கனவே இருக்கும் அடைப்பை வெளியே கொண்டுவருகிறது.

எனவே ஷூ வாங்கும் முன்பே பிபி, சர்க்கரை, கொழுப்பு, இசிஜி பார்த்துவிடுவது நல்லது. டிரெட்மில் டெஸ்ட் வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ரிப்போர்ட் நார்மலாக இருந்தாலும் அது முழு உத்தரவாதம் கிடையாது. ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ கையிலோ வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். "கேஸா இருக்கும்" என்று தள்ளிப்போடக் கூடாது.

அப்படியென்றால் எதற்கு ஓட வேண்டும்?

லண்டன் மாரத்தானுக்கு முதல்முறையாகத் தயாரான 138 பேரை ஒரு ஆய்வு கவனித்தது. ஆறு மாதப் பயிற்சியில் அவர்களின் ரத்தக்குழாய் சுமார் நான்கு வயது இளமையானது. வயதானவர்களுக்கும் மெதுவாக ஓடியவர்களுக்குமே பலன் அதிகம்.

"முட்டி போயிடும்" என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு முட்டி அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் அது 10.2 சதவீதம்.

தமிழ்நாட்டிலும் உதாரணம் உண்டு. 2021-ல் சுகாதாரத் துறை அமைச்சரான மா.சுப்பிரமணியன், சாலை விபத்தில் காலில் பலத்த காயம் அடைந்தவர். 50 வயதைத் தாண்டிய பிறகே நெடுந்தூரம் ஓடத் தொடங்கி, 100-க்கும் மேற்பட்ட ஹாஃப் மாரத்தான்களை முடித்தார்.

எப்படித் தயாராவது?

நான்கைந்து மாதமாவது ஒதுக்குங்கள். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். நடுநடுவே நடப்பதில் வெட்கம் வேண்டாம். கடந்த 30 நாளில் ஓடிய அதிகபட்ச தூரத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் கூட்டினால் காயம் ஏற்படும் வாய்ப்பு உயர்கிறது என்று 5,200 பேரைக் கவனித்த 2025 ஆய்வு சொல்கிறது. அதாவது 8 கிலோமீட்டர் ஓடியவர் அடுத்து 12-க்குத் தாவக் கூடாது.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காலைக் குளிர் உதவும். அதே வேகத்தைச் சென்னைப் புழுக்கத்தில் எதிர்பார்க்க முடியாது.

பதிவுக் கட்டணம் கட்டும் முன் போட்டி நடத்துபவர்களிடம் டி-ஷர்ட் சைஸோடு இதையும் கேளுங்கள்: வழியில் ஏஇடி எத்தனை இடத்தில் இருக்கும்? ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும்? உங்களோடு தினமும் ஓடுகிறவரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது: "உங்களுக்கு சிபிஆர் தெரியுமா?"