டிரம்முக்கு அபராதம், குழாய்க்கு?

மழைக்காலம் பிறந்ததும் மாடியிலிருந்து ஒரு பல்லவி ஒலிக்கிறது: மக்களுக்கு அறிவில்லை, சொன்னால் கேட்பதில்லை, அதனால்தான் டெங்கு பரவுகிறதாம்!

அறிவில்லையா? 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றிலே மலேரியாக் கிருமியைக் கண்டார். கொசு நோய் தருமென்பது இன்று குடிசைக் கிழவிக்கும் தெரியும். பிறகு ஏன் காத்துக்கொள்ளவில்லை?

அவள் வீட்டு வாசலைப் பாருங்கள், தோழர்களே! ஒரு நீல டிரம். பக்கத்திலே நாலைந்து குடங்கள். அழகுக்கா வைத்தாள்? குழாய் நாள்தோறும் வாய் திறந்தால் தண்ணீரை அவள் ஏன் சிறைவைக்கப் போகிறாள்? 2019இல் சென்னையின் ஏரிகள் வறண்டபோது லாரிக்காகக் குடத்தோடு காத்துக் கிடந்தவள் அல்லவா! அன்று பட்ட பாடு, இன்றும் டிரம்மை நிரப்பச் சொல்கிறது.

டெங்குவைச் சுமக்கும் ஏடிஸ் கொசு விரும்புவதும் அந்த நல்ல தண்ணீரைத்தான். உட்சுவரில், நீர்மட்டத்தை ஒட்டி முட்டையிடுகிறது. பொரிந்த புழு பத்து நாளுக்குள் கொசுவாகிப் பறக்கிறது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது. ஒட்டிய முட்டை உலர்ந்தும் மாதக்கணக்கில் உயிர் தாங்கும். தேய்த்தால்தான் தொலையும். கடிப்பதோ பகலில்! இரவிலே வலைக்குள் படுப்பவனைப் பகலிலே பட்டறையில் கடிக்கிறது.

2017இல் தமிழ்நாட்டில் 20,000க்கு மேற்பட்டோர் டெங்குவில் வீழ்ந்தனர். புழு கண்ட வீடுகளுக்கு அபராதம் போட்டார்கள். போடட்டும்! தண்ணீர் விடாத குழாய்க்கு யார் போடுவது?

குழாயைக் கேட்டு நாம் குரல் கொடுப்போம். ஆனால் அதுவரை கொசு காத்திருக்காது. டிரம் தேய்ப்பது பெண்டிர் வேலையென்று மீசை முறுக்கும் தோழர்களுக்கும் சொல்கிறோம், காய்ச்சல் மீசை பார்த்து வருவதில்லை. வாரம் ஒரு நாள், படிப்பகத்திலிருந்து தெருவுக்கு இருவராகப் புறப்படுங்கள். தண்ணீர் வருவதற்கு முன், டிரம் வற்றியிருக்கும் வேளை பார்த்துப் போங்கள். நிரம்பிய டிரம்மைக் கவிழ்க்கச் சொன்னால் எந்தத் தாயும் கேட்கமாட்டாள், கேட்கவும் வேண்டாம். தேங்காய் நாரால் உட்புறம் முழுதும் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் பிடித்தபின், பழைய வேட்டியால் வாயை இறுகக் கட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடங்கள்.