வெந்நீருக்கு எதை வாங்கலாம்?

மார்கழி வந்துவிட்டால் நம் கீழ்க்கட்டளையிலும் விடியற்காலைத் தண்ணீர் சுரீர் என்கிறது. போன வாரம் எதிர்வீட்டுப் பெண், இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள்.

"அக்கா, ஹீட்டர் ராடு சல்லிசா கிடைக்குது. கீசர்னா ஆயிரக்கணக்கில ஆகும். எதை வாங்கட்டும்?"

"பையன் தவழ ஆரம்பிச்சுட்டானா?"

"வீடு பூரா சுத்தறான்க்கா!"

"அப்போ ராடு வேண்டாம்மா" என்றேன்.

காரணம் இருக்கிறது, சகோதரிகளே. ராடு போட்ட வாளி தரையில்தான் இருக்கும். தொங்கும் ஒயரைக் குழந்தை இழுத்தால் வாளி கவிழும். கொதிக்கும் தண்ணீர் குழந்தை மேல்தான் விழும். 'சூடாயிற்றா' என்று நாமே விரலை விட்டு ஷாக் வாங்குவதும் உண்டு. ஏற்கெனவே ராடு வைத்திருப்பவர்கள் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடுங்கள். இரும்பு, அலுமினிய வாளி கூடவே கூடாது.

சரி, கீசரில் எது? தேக்கி வைக்கும் 15 லிட்டர் கீசர் பெரும்பாலும் 2 கிலோவாட். ஏறக்குறைய 20 நிமிஷத்தில் சூடாகும். அதில் பச்சைத் தண்ணீர் கலந்தால் இரண்டு வாளி குளிக்கலாம். ஒரு முறை நிரம்பச் சூடாக்க அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். தினம் ஒரு தடவை என்றால் இரண்டு மாத பில்லில் சுமார் 36 யூனிட். உடனடியாகச் சூடாக்கும் 3 லிட்டர் கீசர் 3 கிலோவாட். விலை குறைவு, இடமும் குறைவு. நம் ஊர் வெப்பத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீராக ஐந்தாறு நிமிஷத்தில் ஒரு வாளி தந்துவிடும். வாளியில் மொண்டு குளிக்கும் சின்னக் குடும்பத்துக்கு இதுவே போதும்.

ஆனால் நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் கீசருக்குள்ளும் படியும். சூடாவது தாமதமாகும், காயில் சீக்கிரம் போகும். வருஷம் ஒரு முறை சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தேக்கும் கீசரில் மெக்னீஷியத் தண்டு ஒன்று இருக்கும். தொட்டி அரிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோகும் தியாகி அது! தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சுவரைப் பாருங்கள். 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி போடும் 6 ஆம்பியர் சின்ன பிளக் தாங்காது, உருகி, தீப்பிடிக்கும். 16 ஆம்பியர் பெரிய பிளக், தடித்த செம்பு ஒயர், சரியான எர்த், கசிவு ஏற்பட்டால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இவை நான்கும் இருக்கின்றனவா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பிறகு கடைக்குப் போங்கள்.

குழந்தையைக் குளிப்பாட்டும்போது முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே குழந்தையை இறக்குங்கள். 60 டிகிரி வெந்நீர் பிஞ்சுத் தோலைச் சில விநாடிகளில் பொசுக்கிவிடும்.

எதிர்வீட்டுப் பெண் இருப்பது வாடகை வீடு. குளியலறையில் சின்ன பிளக்தான், எர்த்தும் இல்லை. "வீட்டுக்காரர்கிட்ட கேக்கக் கூச்சமா இருக்குக்கா" என்றாள்.

"உனக்காகக் கேட்டால்தானே கூச்சம்? பிள்ளைக்காகக் கேளு" என்றேன்.

கேட்டாள். நாளைக்கு எலெக்ட்ரீஷியன் வருகிறாராம். அதுவரை அடுப்பு வெந்நீர்தான். அதைத் தூக்கிப் போகும்போது மட்டும் பிள்ளையை என் மடியில் விட்டுவிட்டுப் போகிறாள்!