வேதத்தை வாசிக்கிறோமா, வசனம் பொறுக்குகிறோமா?

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குப் போகும் பழக்கம் உள்ளவர்களுக்கு வாக்குத்தத்த அட்டையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. பல சபைகளில் புது வருடம் பிறந்ததும் ஆளுக்கு ஒரு அட்டை எடுப்பார்கள். அதில் ஒரு வசனம் இருக்கும். "இது இந்த வருஷத்துக்குக் கர்த்தர் எனக்குக் கொடுத்தது" என்று சிலர் அதை வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்வார்கள், சிலர் பீரோ கதவில் ஒட்டி வைப்பார்கள்.

அந்த அட்டையின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. எத்தனையோ பேருக்குக் கஷ்டமான நேரத்தில் ஒரே ஒரு வசனம் ஆறுதலாக இருந்திருக்கிறது. ஆனால் ஒரு வருடத்து வேத வாசிப்பே அந்த ஒரு அட்டையோடு முடிந்துபோனால்? ஆவிக்குரிய வளர்ச்சிக்கு வேதம்தான் ஆதாரம் என்று எல்லா சபைகளிலும் சொல்கிறோம். வேதத்தைச் சார்ந்திருப்பதும், அதில் நமக்குப் பிடித்த வரிகளைச் சார்ந்திருப்பதும் ஒன்றுதானா? இல்லை என்பதே என் கருத்து.

ஒரு உதாரணம் பார்ப்போம். எரேமியா 29:11 அட்டைகளிலும் காலண்டர்களிலும் அடிக்கடி வருகிற வசனம். கர்த்தர் நம்மைக் குறித்து நல்ல நினைவுகளை வைத்திருக்கிறார் என்பது அதன் பொருள். பரீட்சை எழுதப் போகிற மாணவர்களுக்கும் வேலை தேடுகிறவர்களுக்கும் அதைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் அந்த அதிகாரத்தின் பெரும்பகுதி ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா எழுதியது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள், அந்தப் பட்டணத்தின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்கிறார். திரும்பி வர 70 வருடம் ஆகும் என்றும் சொல்கிறார். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று தீர்க்கதரிசனம் சொன்னவன் அவன். கேட்க இனிமையாக இருந்தது, ஆனால் பொய். இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசித்தவருக்கு 29:11 பொறுமையைக் கற்றுக் கொடுக்கும். தனியாகப் பிய்த்து எடுத்தால், அனனியா சொன்னதையே எரேமியாவின் வாயில் வைத்ததுபோல் ஆகிவிடும்.

பிலிப்பியர் 4:13-ம் இப்படித்தான். எதையும் செய்ய எனக்குப் பெலன் உண்டு என்று பவுல் எழுதியதை வெற்றிக்கான வசனமாக எடுத்துக்கொள்கிறோம். அவர் அதை எழுதும்போது காவலில் இருந்தார். அதற்கு முந்தின இரண்டு வசனங்களில், நிறைவாக இருந்தாலும் பட்டினியாக இருந்தாலும் மனதிருப்தியோடு இருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். அவர் பேசுவது தாங்குகிற பெலத்தைப் பற்றி.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வேதாகமம் எழுதப்பட்டபோது அதில் அதிகார எண்ணும் இல்லை, வசன எண்ணும் இல்லை. இப்போதுள்ள அதிகாரப் பிரிவு 13-ம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் காலத்தில் வந்தது. புதிய ஏற்பாட்டு வசன எண்களை 1551-ல் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகத்தார். இடத்தைத் தேட உதவியாக வந்த எண்களை நாம் கத்தரிக்கோலாக ஆக்கிவிட்டோம்.

வசனம் தெரிந்திருப்பது மட்டும் போதாது என்பதற்கு மத்தேயு 4-ம் அதிகாரமே சாட்சி. வனாந்தரத்தில் இயேசுவைச் சோதிக்க வந்த பிசாசும் வசனம்தான் சொன்னான். அது 91-ம் சங்கீதத்தில் உள்ளது. வாக்குத்தத்த அட்டையில் போடக்கூடிய வசனம்தான்! இயேசு மூன்று முறையும் உபாகமத்திலிருந்தே, 6, 8 அதிகாரங்களிலிருந்து, பதில் சொன்னார். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் 40 வருடம் பட்ட பசியையும் கற்ற பாடத்தையும் நினைவூட்டுகிற பகுதி அது. 40 நாள் பசியோடு வனாந்தரத்தில் நின்றவருக்கு அது எவ்வளவு பொருத்தமான பகுதி! பிசாசு ஒரு வரியை எடுத்தான். இயேசு அந்த வரலாறு முழுவதையும் அறிந்து பதில் சொன்னார்.

இதை ஏதோ படிப்பாளிகளின் விவாதம் என்று விட்டுவிட முடியாது. குணமாகும் என்று வசனம் வந்தது, ஆனால் அம்மா இறந்துபோனார். வேலை கிடைக்கும் என்று நம்பியிருந்தார், கிடைக்கவில்லை. இப்படி நடக்கும்போது வசனத்தை மட்டும் பிடித்திருந்தவர் என்ன செய்வார்? ஒன்று, கடவுள் ஏமாற்றிவிட்டார் என்பார். அல்லது, என் விசுவாசம் போதவில்லை என்று தன்னையே குத்திக்கொள்வார். அல்லது, வேறு வசனம் சொல்லும் வேறு ஊழியரைத் தேடிப் போவார். யோபுவின் புத்தகத்தை முழுவதும் வாசித்தவருக்கு இந்த மூன்றைத் தவிர வேறு வழியும் தெரியும். தன் உபத்திரவம் நீங்கப் பவுல் மூன்று முறை ஜெபித்தும் அது நீங்கவில்லை என்பது 2 கொரிந்தியர் 12-ல் இருக்கிறது. துரோப்பீமு என்ற உடன் ஊழியரை வியாதியாகவே மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று 2 தீமோத்தேயு 4-ல் எழுதுகிறார். பவுலுக்கா விசுவாசம் குறைவு? இந்த வசனங்களையும் அறிந்தவர் துக்கத்தில் அழுவார், ஆனால் உடைந்துபோக மாட்டார்.

"சாதாரண விசுவாசிக்கு இதெல்லாம் புரியுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்போஸ்தலர் 8-ல் வரும் எத்தியோப்பிய மந்திரிக்கும் ஏசாயாவை வாசித்தபோது புரியவில்லை. பிலிப்பு ரதத்தில் ஏறி உட்கார்ந்து விளக்கினார். வாசிப்பை அந்த மந்திரி தானே தொடங்கியிருந்தார் என்பதுதான் முக்கியம். 17-ம் அதிகாரத்தில் பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்காக அவர்கள் பாராட்டப்பட்டார்கள், கண்டிக்கப்படவில்லை. போதகர் தேவை, சபை தேவை. ஆனால் நமக்காக அவர்களே சாப்பிட முடியாது.

நம் கையில் தமிழ் வேதம் இருப்பதே இந்த நோக்கத்தால்தான். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் நல்ல வசனங்களைத் தொகுத்து ஒரு சிறு புத்தகம் போட்டுவிட்டு நின்றிருக்கலாம். அவர் புதிய ஏற்பாடு முழுவதையும் மொழிபெயர்த்தார். அது 1715-ல் அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்த நிலையில் 1719-ல் இறந்தார். மீதியைப் பின்னால் வந்த சூல்ட்சே முடித்தார். எண்ணாகமமும் லேவியராகமமும் கூட நமக்கு வேண்டும் என்று நினைத்து உழைத்திருக்கிறார்கள்.

வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள். தினம் மூன்று நான்கு வாசித்தால் ஒரு வருடத்தில் முடியும். அது அதிகம் என்றால் புதிய ஏற்பாட்டின் 260 அதிகாரங்களை, வாரத்துக்கு ஐந்து என்று வைத்து ஒரு வருடத்தில் முடிக்கலாம். அதுவும் முடியாதா? பிலிப்பியருக்கு எழுதின நிருபம் 4 அதிகாரம், 104 வசனம்தான். ஒரு கடிதத்தை எப்படி வாசிப்போமோ, அப்படி ஒரே மூச்சில் முதலிலிருந்து கடைசி வரை இன்று இரவே வாசித்துப் பாருங்கள். அட்டையில் பார்த்த வசனமும் அதில் வரும். அதற்கு முன்னும் பின்னும் பவுல் என்ன சொல்லியிருக்கிறார் என்பதும் அப்போது தெரியும்.